சாத்தி மகனின் சூரிய குலம்

கதிரவன், நாள் முழுதும் அரசவையில் கால்கடுக்க நின்ற மெய்க்காவலனைப் போல் களைத்துச் சிவந்து, நறுங்குன்றத்துக் கோட்டை மதில்களுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்த அந்திப் பொழுது. கொற்றவைப் பேரேரியின் அலைகளில் பொன்னும் குங்குமமும் கரைந்து மிதந்தன. கரை மருதங்களில் அடையும் நாரைகளின் ஆரவாரம் அரண்மனை முரசொலியையும் விழுங்கிவிட்டது. கீழ்வானில் முழுமதி மெல்லத் தலைகாட்டியது. இத்தகைய வேளையில் சரித்திர நாயகர்கள் காதலியை எண்ணிப் பெருமூச்செறிவது மரபு. வாசகப் பெருமக்களே, நம் நாயகன் ஏறனோ கரையோரம் குந்தி, வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக நீரில் அமிழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். குளிர் தெரிகிறதா என்பதுதான் சோதனை. தெரியவில்லை.

ஆறு நாட்களுக்கு முன்புவரை அவ்விரல்களுக்கு எல்லாம் தெரியும். மேற்கு மலைநாட்டுக் குறுநில மன்னன் ஒருவன் நாலாயிரம் வீரருடன் வந்து, ஏரிக்குக் கீழே காய்ந்து கிடந்த வயல்களில் பாசறை அமைத்துக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். 'பகைவர்க்குக் கூற்றம்', 'புலியை வென்ற புயத்தான்' முதலிய பதினேழு பட்டங்களைத் தாங்கிய நம் மன்னர் வீரகண்டர், அப்பட்டங்களின் பாரத்தால்போலும், அந்தப்புரத்தை விட்டு அசைய முடியாதிருந்தார். ஏறன் ஒருவனே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நான்கு ஆள் ஆழம் மூழ்கி, மதகின் அடைகல்லைப் பிடுங்கினான். விடிந்தபோது பாசறை இல்லை. மீண்டும் மூழ்கிக் கல்லைப் பொருத்துகையில் விரல்கள் நசுங்கின. அதன்பின் கரையேறி, வயல்களில் கிடந்தவர்களையும் குதிரைகளையும் பார்த்தான். அன்றுமுதல் விரல்கள் மட்டுமல்ல, அவனுமே மரத்துப்போயிருந்தான்.

"ஏறரே, தங்களைப் பேழையில் வைத்துவிட்டேன்" என்று ஒரு குரல் கேட்டது.

வந்தவர் அவைப்புலவர் செந்நாவார். கையில் ஓலைக்கட்டு, முகத்தில் பிள்ளை பெற்றவளின் களிப்பு.

"எந்தப் பேழையில், ஐயா?"

"ஆற்றில் மிதந்து வந்த சந்தனப் பேழையில். தாங்கள் சூரிய குலத்தின் நூற்றெட்டாம் தலைமுறை. பகைவர் சூழ்ச்சியால் அன்னை சித்திராங்கி தங்களைப் பேழையிலிட்டு ஆற்றில் விட்டாள். வலத்தோளில் சங்கு மச்சம்கூட இருக்கிறதே. அன்று தாங்கள் குளித்தெழுந்தபோது கவனித்தேன்."

ஏறன் தன் தோளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "சாத்தி?"

"அந்தப் பெண்ணா? பேழையைக் கண்டெடுத்தவள் என்று சேர்க்க முயன்றேன். தளை தட்டுகிறது."

விஷயம் இதுதான். பகையை வென்ற ஏறனுக்கு 'ஏரிநாயகம்' என்னும் பதவியைத் தராமல் தப்ப முடியாது. அப்பதவியோ குலமுள்ளவர்க்கே உரியது. ஆகவே அரசர் புலவரிடம் ஒரு குலம் செய்யச் சொல்லிவிட்டார். நாளை அவையில் அக்குலத்தை வாசிப்பார்கள். ஏறன் 'ஆம், இவர்களே என் முன்னோர்' என்று மும்முறை ஒப்பவேண்டும். பின்பு அரசர் அவன் கையில் தாரைநீர் வார்த்துப் பதவியைத் தருவார். ஒப்பியபின், அவ்வரிசையில் இல்லாத எவர்க்கும் அவன் கையால் நீர்க்கடன் செய்யலாகாது. அது நறுங்குன்றத்துச் சட்டம்.

சாத்தி ஏறனைப் பெற்றவள்; இந்தக் கரைக்கு மண் சுமந்த கூலிப்பெண். ஏறனுக்கு எட்டு வயதாயிருக்கையில் கரை உடைந்தது. கூடையோடு உடைப்பில் இறங்கியவள் மீளவில்லை. அவளைத் தேடினால் ஊர் போய்விடும் என்று அவள்மேலேயே மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். கரை நின்றது. அன்று பிள்ளைக்கு ஒரு நாழி கேழ்வரகு கொடுத்தார்கள். மறுநாள், நீரில் மிதந்து கிடைத்த அவளுடைய கூடையைக் கொடுத்தார்கள். தோளில் காவுதடி தோலை உரிக்க அவன் மண் சுமந்தான். மூழ்கி மூழ்கித் தானே மூச்சடக்கப் பழகினான். இருண்ட நீருக்குள் மதகுக் கல்லில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவியே எழுத்தறிந்தான். கை கொடுப்பாரில்லாத இடத்தில் தன் கையையே பிடித்துக்கொண்டு மேலேறி, முப்பது வயதில் நான்கு ஏரிகளின் கரைகாவலன் ஆனான். அமாவாசை தோறும் கரையின் அந்த இடத்தில் ஒரு கை நீர் விட்டுவந்தான். அவளுக்கு வேறு கல்லறை ஏது?

ஒப்ப மறுத்தால் பதவி அரசரின் மைத்துனருக்குப் போகும். அவர் ஏரியைப் பல்லக்கிலிருந்து இருமுறை பார்த்தவர். ஏறன் கட்ட நினைத்திருந்ததோ, கரையில் நின்றபடியே தூக்கி இறக்கும் மதகு. இனி எவனும் மூழ்கிச் சாகவேண்டாத மதகு. பதவியின்றி அதற்கு ஒரு கல்லும் பெயராது.

புலவர் அகன்ற சிறிது நேரத்தில், கொற்றவை கோயிலுக்கு விளக்கிட வந்த இளவரசி அநுபமை தோழியரைப் படியில் நிறுத்திவிட்டுத் தனியே கரைமேல் வந்தாள். ஏறன் எழுந்து நின்றான்.

"என்னை உமக்கு மணமுடிக்கப் போவதாக இன்று காலை சொன்னார்கள்" என்றாள். "போன மாதம் மலைநாட்டான். அதற்கு முன்பு யாரோ ஒரு கிழவர். உமக்குச் சொன்னார்களா?"

"இல்லை, தேவி."

"சொல்லமாட்டார்கள். முதலில் உம் குலம் வெந்து இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்." அவள் குரலில் கோபமில்லை, பலமுறை விலைபேசப்பட்ட குதிரைக்கு இருக்கும் அலுப்பே இருந்தது.

பேழையில் வந்ததை ஒப்பப்போகிறீரா என்று கேட்டாள். அவன் கரையின் ஓரிடத்தைச் சுட்டி, தன் தாய் அதற்குள் இருப்பதைச் சொன்னான். அவள் தன் பாதங்களைப் பார்த்தாள்; பிறகு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"அழுதீரா?"

"எட்டு வயதில் அழுதேன். பிறகு வேலை இருந்தது."

நாரைகள் அடங்கிவிட்டன. இளவரசி திரும்பிப் போகையில், "நாளை நீர்க்கெண்டி என் கையில்தான் இருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அவை கூடியது. சாமரங்கள் ஈக்களைக் கலைத்தன. ஈக்கள் பிரதானிகளின்மேல் அமர்ந்தன. செந்நாவார் சூரியனிலிருந்து தொடங்கினார். சூரியனுக்கே ஆறு செய்யுள் ஆயிற்று. நாற்பதாம் தலைமுறையில் மைத்துனர் உறங்கிப்போனார். அறுபத்தொன்றாம் தலைமுறையில் ஓர் அரசன் மேகத்தின்மேல் யானையேறிப் போனபோது சோதிடர் இருமினார். அரசர் கேளாததுபோல் இருந்தார். சோதிடர் மறுபடி இருமினார்.

"தந்தையே, முகூர்த்தம் கடக்கிறது" என்றாள் அநுபமை, கெண்டியை ஏந்தியபடி, மிக மெதுவாக. "கடந்தால் வார்ப்பவருக்கு ஆகாதாம்."

வீரகண்டர் பகைவரின் வேலுக்கு அஞ்சாதவர். ஏனெனில் அதைக் கண்டதில்லை. ஆனால் நாழிகைக்கு அஞ்சுவார். பதறி எழுந்தார். "மீதித் தலைமுறைகள் பிறகு வரட்டும்" என்று சொல்லிக் கெண்டியைப் பறித்து, ஏறனின் கைகளில் நீரைச் சாய்த்தார். ஒப்புதலும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

தாரைநீர் விழுகையில் பெறுபவன் தன்னைப் பெற்றவளின் பெயரைச் சொல்லவேண்டும். விழுந்த நீர் மீளாது. சொன்ன பெயரே கல்லில் ஏறும். இதுவும் நறுங்குன்றத்துச் சட்டந்தான்.

ஏறன் கைகளைப் பார்த்தான். நீர் நிறைந்திருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

"சாத்தி" என்றான். "மண் சுமந்தவள். அவள் மகன் ஏறன்."

விரல்களை விரித்தான். நீர் தரையில் விழுந்தது.

மச்சம் காட்டும் பணியேற்றிருந்த, நேரம் தவறாத அரண்மனைக் கஞ்சுகி ஒருவர் மட்டும், நடந்தது புரியாமல், ஏறனின் மேலாடையை விலக்கிச் 'சங்கு மச்சம்' என்று அவைக்குக் காட்டினார்.

"காவுதடி அழுத்திய காய்ப்பு, ஐயா" என்றான் ஏறன். "அவளுக்கும் இருந்தது."

அரசரின் கை உறைவாளுக்குப் போயிற்று. வாள் பாதிவரை வந்து துருவில் சிக்கிக்கொண்டது. "சொல்லை மாற்றிக்கொள்ளும்" என்றார்.

"நீர் விழுந்துவிட்டது, அரசே."

விழுந்த நீரை மறுத்த அரசனுக்கு மழை பொய்க்கும் என்பது சந்தைச் சிறுவனும் அறிந்தது. அப்போதுதான் செந்நாவார் தம் பிழைப்பின் மேன்மையைக் காட்டினார். ஓலைக்கட்டைக் கீழே வைத்து, கைகளைத் தலைமேல் கூப்பி, வைகைக்கரையில் பிட்டுக்கு மண் சுமந்தவர் ஈசனல்லவா, மண் சுமந்தோர் மரபு சூரிய குலத்தினும் மேலான சிவகுலமல்லவா என்று கண்ணீர் மல்கக் கேட்டார். அரசருக்கு உயிர் வந்தது. "யாமும் அதையே கருதினோம்" என்று அருளி, வாளை இரு காவலர் உதவியுடன் உள்ளே தள்ளினார்.

ஏறன் வணங்கிவிட்டு மதகுக்குக் கல் பார்க்கப் போனான்.

அடுத்த அமாவாசையன்று அந்தியில், கரையில் நடப்பட்டிருந்த கல்லின்முன் அவன் நின்றான். புதிதாய் ஒன்று சேர்ந்து பதினெட்டாகிவிட்ட பட்டங்களுடன் வீரகண்டர் வெள்ளத்தால் பகை வென்ற வரலாறு அதில் விரிவாக இருந்தது. கடைசி வரியை வலக்கையால் தடவினான். ஒன்றும் தெரியவில்லை. இடக்கையால் தடவினான். சா. த். தி.

பக்கத்தில் சதங்கை ஒலித்தது. அநுபமை கெண்டியைக் கொண்டுவந்திருந்தாள். மணப்பேச்சை அரசர் அடியோடு மறந்துவிட்டார் என்றாள். இனிப் பிறர் எழுதித்தரும் எந்த வரியிலும் தன் பெயர் நிற்காது என்று கொற்றவைமுன் சூளுரைத்து வந்திருப்பதாகவும் சொன்னாள். அவன் கெண்டியை வாங்கி, கரையின் அந்த இடத்தில் நீர் விட்டான். அவள் விலகாமல் நின்றாள்.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றாள் பிறகு.

"எனக்கும் ஒருவரும் சொல்லித்தரவில்லை, தேவி. ஓரத்தில் ஆழமில்லை."

நறுங்குன்றத்து இளவரசி சதங்கைகளைக் கழற்றிக் கல்லின்மேல், அரசரின் பதினெட்டாம் பட்டம் மறையும்படி மாட்டிவிட்டு, முழங்கால்வரை இறங்கினாள்.

"குளிர்கிறதே" என்றாள்.

ஏறன் குந்தி, இடக்கையை நீரில் விட்டான். வெகுநேரம் வைத்திருந்தான்.

"ஆம்" என்றான்.