எல்லாவற்றையும் ஆன் செய்தவள்

"உங்க மைக்குக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்கதான் வாயத் தொறந்து பேச மாட்டேன்றீங்க."

அவன் அப்படிச் சொன்னதும் நர்மதா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த லேப்டாப் சர்வீஸ் கடையில் அவளும் அவனும் மட்டும்தான். கலைவாணன் என்று கடைப் பலகையில் அவன் பெயர் போட்டிருந்தது. வெளியே மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, நாற்காலியின் நுனியில் அவள் உட்கார்ந்திருந்தாள்... எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடிவிடுபவள் போல.

மூன்று மணிக்கு லேப்டாப்பிலேயே இன்டர்வியூ. வெள்ளிமலையில் வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலை. ஏற்கெனவே ஒருமுறை அழைத்து, 'உங்கள் குரல் விட்டு விட்டு வருகிறது' என்று பாதியிலேயே முடித்துவிட்டார்கள். கெஞ்சிக் கேட்டு வாங்கிய மறுவாய்ப்பு இது. இதுவும் போனால் நாளை விடிந்ததும், பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் நூல் மில் வேன் வந்து நிற்கும். ஏஜென்ட்டிடம் அப்பா மாதன் வாக்குக் கொடுத்துவிட்டார். அதே வேனில் போன வருடம் போன தோழி சந்தியா, பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகம் நர்மதாவின் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

"பேசிக்கினுதாங்க இருக்கேன்" என்றாள். அதுவும் பாதி காற்றாகத்தான் வந்தது.

"பாத்தீங்களா? எதிர்ல உக்காந்துகினு இருக்கற எனக்கே கேக்கல. மைக்கு பாவம், அது இன்னா பண்ணும்?" என்று சிரித்தான்.

பயத்தையும் மீறிக்கொண்டு அவளுக்குக் கோபம் வந்தது. "எங்க மலையில இந்த மேட்டுல நின்னு நான் கூப்புட்டா அந்த மேட்டுல இருக்கறவங்க திரும்பிப் பாப்பாங்க. என் கொரல கொற சொல்லாதீங்க."

"அப்ப மலையில நின்னே கூப்புட்டிருக்கலாமே. லேப்டாப்பு எதுக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் விளையாட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேருமா என்ன? மலைக்காரி என்றாலே கீழே இருப்பவர்கள் உதட்டைப் பிதுக்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள். சுருக்கென்று தைத்தது. லேப்டாப்பை மூடினாள். ஹெட்செட்டைச் சுருட்டிப் பையில் திணித்தாள். "நான் வேற கடை பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

இரண்டடி வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஜூஸ் கடையின் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினாள். எந்தக் கடை? யாரைக் கேட்பது? அந்த நேரம் பார்த்து அப்பாவிடமிருந்து போன்.

"வேனு காலைலயே வந்துடுமாம். துணிமணி எடுத்து வச்சிட்டியா?"

"இன்னும் இன்டர்வியூ முடியலப்பா..."

"ஆமா, பெரிய இன்டர்வியூ" என்று அவர் வைத்துவிட்டார்.

ரோஷப்பட்டு எழுந்து வந்தது சரிதான். ஆனால் அந்த ரோஷம் நாளைக்கு வேனில் கூட வருமா?

"ஏங்க..."

கலைவாணன் நின்றான். குடைகூட இல்லாமல், மழைக்குள். இமை முடியில் மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. பெரிய கண்கள்தான்... இதையெல்லாமா இந்த நேரத்தில் பார்ப்பது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"தப்பு என்னுதுங்க. சரியா பாக்காமலே பேசிட்டேன். நீங்க மூடும்போதுதான் கவனிச்சேன், உள்ள வேற இன்னாவோ ஓடிக்கினு இருக்கு. திட்டணும்னா மூணு மணிக்கு அப்பறம் உக்காந்து திட்டுங்க. இப்ப வாங்க."

மானம் ஒரு பக்கம் இழுத்தது. மில் வேன் ஒரு பக்கம் இழுத்தது. அந்தக் கண்கள் எந்தப் பக்கம் இழுத்தன என்பதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. பின்னாலேயே போனாள்.

ஹெட்செட்டின் பின்னை எடுத்து மறுபடி சொருகினான். என்ன சொருகியிருக்கிறாய் என்று திரையில் லேப்டாப் கேட்டது.

"இது கேட்டப்ப நீங்க ஹெட்போன்னு அமுக்கியிருக்கீங்க. காதுல கேக்கறது மட்டும்தான்னு நெனச்சுகிச்சி. லேப்டாப்போட சொந்த மைக்குலதான் இத்தன நாளா பேசிக்கினு இருந்திருக்கீங்க."

மாற்றிவிட்டு, அவளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து பார்த்தான். 'வண... ...பேர் நர்ம... ...மலை...' என்று அரைகுறையாக வந்தது. அவளுக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இதையெல்லாம் யாருங்க போட்டாங்க?" அவன் திரையின் மூலையைக் காட்டினான்.

"நான்தாங்க."

குரலைச் சுத்தம் செய்கிற சாஃப்ட்வேர் லேப்டாப்பிலேயே ஒன்று இருந்தது. ஹெட்செட்டுக்கென்று தனியாக ஒன்றை இறக்கியிருந்தாள். மீட்டிங் ஆப்பில் இருந்த இரைச்சல் நீக்கியையும் கடைசி வரை ஏற்றிவைத்திருந்தாள்.

"மூணும் ஆன்ல இருக்கு" என்றான்.

"அன்னைக்கி பாதியில வச்சிட்டாங்களா... பயமாப் போச்சுங்க. எது நல்லது, எது கெட்டதுன்னு தெரியல. இருக்கறது எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டேன்."

இந்தமுறை அவன் சிரிக்கவில்லை. "ஒண்ணு இரைச்சல எடுத்துடுது. எடுக்க ஒண்ணும் இல்லாததால மத்த ரெண்டும் உங்க கொரல எடுக்குது."

"சாமைய மூணு தரம் பொடைச்ச மாதிரி. உமி போனப்பறம் அரிசியும் பறக்கும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அதேதாங்க. அதுவும் பயந்து பயந்து மெதுவா பேசறீங்களா... மெல்லிசா வர்றத எல்லாம் வேண்டாததுன்னு தள்ளி வுட்டுடுது."

ஒவ்வொன்றாக அணைத்தான். மறுபடி பதிவு செய்தாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவன் கேட்டான். முகம் மாறியது. இன்னொரு முறை கேட்டான். சரிபார்ப்பதற்காகத்தானாம்... நாமும் நம்பிவிடுவோம்.

"முழுசா வருது" என்றான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "ஆனா மழை, ஆட்டோ ஹாரன், பக்கத்துக் கடை மிக்ஸி... அதுவும் சேந்து வருது."

"அப்ப ஒண்ணே ஒண்ண ஆன் பண்ணலாங்களா?"

"வேணாங்க. உங்க கொரல்ல இன்னும் ஒரு எழுத்துகூட போவ வேணாம்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் ஷட்டரைப் பிடித்து இழுத்தான். தடதடவென்று அது பாதி இறங்கியது. கடை இருண்டது. நர்மதா துள்ளி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பேருந்து ஏற்றிவிடும்போதே அம்மா சொல்லி அனுப்பினாளே, தனியாக எங்கும் போகாதே என்று...

அவன் திரும்பினான். அவள் முகத்தைக் கண்டதும் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஐயோ... சத்தம் உள்ள வராம இருக்கத்தாங்க. நான் வெளிய நிக்கறேன்." குனிந்து வெளியே போய்விட்டு, அங்கிருந்தே சொன்னான்: "உள்பக்கம் கொக்கி இருக்கு, மாட்டிக்கிங்க. நீங்களா தொறந்தாதான் நான் வருவேன்."

ஷட்டரை முழுவதும் இறக்கிக் கொக்கியை மாட்டினாள். மூன்று மணிக்குத் திரையில் இன்டர்வியூ எடுக்கும் அம்மாளின் முகம் தோன்றியது. வாயைத் திறந்தால் மறுபடியும் அந்தக் காற்றுதான் வருமோ...

வெளியே அவன் ஜூஸ் கடைக்காரனிடம் பேசுவது மெதுவாகக் கேட்டது. "சின்னதுரை, மிக்ஸிய கொஞ்சம் நிறுத்து. அதுவரைக்கும் விக்காம போற ஜூஸ் காசெல்லாம் என் கணக்கு." பிறகு யாரிடமோ, "அண்ணே, கைய எடுத்துக் கும்புடறேன், ஹாரன் அடிக்காம போங்க."

ஒரு சாஃப்ட்வேர் செய்யவேண்டிய வேலையை ஒரு மனிதன் மழையில் நின்று செய்துகொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு குரலும் வந்தது.

"வணக்கம் மேடம். நான் வெள்ளிமலையில இருந்து நர்மதா."

"இன்னைக்கு ரொம்பத் தெளிவா கேக்குதே" என்றார் அந்த அம்மாள்.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குச் சேரச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குப் போன் செய்தாள். சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்டார். பிறகு, "வேன்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ பாத்து வா" என்றார்.

ஷட்டரைத் தூக்கினாள். படியில் தொப்பலாக நனைந்து நின்றான் கலைவாணன். கேட்கவும் பயந்தவன் போல் அவள் முகத்தையே பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"கெடச்சிடுச்சாங்க?" முகமெல்லாம் மலர்ந்தது. "இனிமே கெடாதுங்க. புதுசா எதையும் ஆன் பண்ணாம இருந்தா போதும். கீழ எறங்கி அலையவே வேணாம், வூட்லயே..." கடைசிச் சொல்லுக்கு வரும்போது அவன் குரல் தானாகவே இறங்கிப்போனது.

மலைப் பேருந்து புறப்படும் நேரம். அவள் பையைத் தோளில் மாட்டினாள். நகரவில்லை.

"பயமா இருக்கு" என்றாள்.

"இன்னும் இன்னாங்க பயம்?"

"கெடாதுன்றீங்களே... அப்பறம் இங்க வர்றதுக்கு வூட்ல நான் இன்னா காரணம் சொல்லுவேன்?"

அத்தனை பேச்சுப் பேசியவன் மழையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான்.

"நான் மேல வர்றேங்க" என்றான். "இன்னா விஷயம்னு உங்க அப்பா கேட்டா, அந்தக் கொரல வாழ்க்க பூரா கேக்கணும்னு தோணுது, அதான் வந்தேன்னு சொல்லிடறேன். நெனச்சாலே கை காலு ஒதறுது. ஆனா சொல்லிடுவேன்."

நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பாவுக்குக் காது நல்லா கேக்கும்" என்றாள். "பயந்துகினே மெதுவா சொன்னாலும் போதும்."