நீலாம்பரிக்கு வரன்

ஞானசிகாமணி, தவமணி தம்பதியின் மகள் தான் மணக்கப்போகும் பையனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகள் மொத்தம் இரண்டு. காரம் சாப்பிடுவாயா? குறட்டை விடுவாயா? மறுவாரமே கல்யாணம் முடிந்தது. செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குவிமாடத்தில் அது சாதாரணம். யாருடைய முன்னோர் யார், எந்தக் குலம் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்று யாரும் வருத்தப்பட்டதும் கிடையாது.

வீட்டுப் பூனை நீலாம்பரிக்கு வரன் தேடியதுதான் எட்டு மாதம் இழுத்துவிட்டது.

நீலாம்பரி சயாமீஸ் இனம். நீலக் கண், ஒடிசலான உடம்பு. முகம், காது, கால், வால் மட்டும் கறுப்பு. உடம்பில் குளிர்ந்த இடங்களில்தான் அந்த இனத்துக்குக் கறுப்பு ஏறும். நிறம் வெளுத்துவிடக் கூடாதே என்று தவமணி வீட்டைப் பதினெட்டு டிகிரியிலேயே வைத்திருந்தாள். சிகாமணி இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு காபி குடித்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நீலாம்பரி நான்கு வார்த்தை பதில் பேசும். அதுவும் அந்த இனத்தின் குணம்தான்.

மாலையானால் இணைகாட்டி என்னும் கருவி ஒரு பூனையின் ஒளியுருவைக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். தம்பதி பஜ்ஜியும் கையுமாக உட்கார்ந்து பார்ப்பார்கள்.

முதலில் பாரசீகப் பூனை வந்தது. "மூஞ்சி சப்பையா இருக்கு, மூச்சு வேற திணறுது. தெனம் சீவி விடவே ஒரு ஆள் வேணும்" என்றாள் தவமணி. அடுத்தது மெய்ன் கூன். நாய்க்குட்டி அளவு உடம்பு, பரம சாது. "இவ்வளவு பெரிய உடம்புக்கு இந்தக் கீச்சுக் குரலா?" என்று சிகாமணி சிரித்துவிட்டார். சிறுத்தைப் புள்ளிகளோடு வந்த பெங்கால் பூனை தானே குழாயைத் திறந்து தண்ணீரில் விளையாடுமாம். சொட்டுத் தண்ணீருக்கும் அனுமதி வாங்கும் ஊரில் அது நடக்கிற காரியமா? ராக்டால், தூக்கினால் ஈரத்துணி போலத் துவண்டு தொங்குமாம். ரோமமே இல்லாத ஸ்பிங்ஸைப் பார்த்து, "பாவம், அதுக்கும் கம்பளி வேணும். எனக்கே பத்தல" என்றார் சிகாமணி.

சொன்ன காரணங்கள் ஆயிரம். உண்மையான காரணம் ஒன்றே ஒன்று: எதுவும் தங்கள் பூனையின் இனமில்லை.

கடைசியில் மூன்றாம் குவிமாடத்து மகுடேசன் அமைந்தான். அசல் சயாமீஸ், ஏழு தலைமுறைச் சான்றோடு. நாள்கூடக் குறித்தாயிற்று. அதற்குள் நீலாம்பரி வயிறு பெருத்து, ஒரு விடியற்காலையில் தவமணியின் பட்டுப்புடவை மேல் நான்கு குட்டிகளைப் போட்டது.

சயாமீஸ் குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையாக இருக்கும். இவை நான்கும் பிறவியிலேயே வரிவரியாக இருந்தன. அப்பன் யாரென்று விசாரிக்கத் தேவையே இல்லை. காற்றுக்குழாய் வழியே போனால் நெல்வயல் குவிமாடம். அங்கே எலி பிடிக்கும் வேலையில் இருந்தான் பக்கிரி. ஒரு காது பாதிதான். பதிவேட்டில் இனம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கும்.

தவமணி ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் ஒரு வரிக்குட்டி அவள் உள்ளங்கையில் தூங்கிவிட்டது. அதன்பிறகு அவள் வேறு காரணத்துக்காக அழுதாள். இனச்சான்று இல்லாத பூனைக்குக் குடியிருப்பில் இடமில்லை. கண் திறந்ததும் நான்கையும் வயலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"ஏங்க, எப்படியாச்சும் பேசிப் பாருங்க. இதுங்கள விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

குட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு இருவரும் இனப்பதிவகத்துக்குப் போனார்கள். அங்கே முதல் குடியேறிகள் காலத்திலிருந்து ஒரே பதிவியந்திரம்தான் வேலை பார்க்கிறது.

"ஐயா, கொஞ்சம் பாத்துச் செய்யணும்" என்று குழைந்தார் சிகாமணி. "சயாமீஸ்னு மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"போட்டாயிற்று" என்றது இயந்திரம்.

இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. "சோதனை ஒண்ணும் பண்ணலையா?"

"எதற்கு? இங்கே வருகிறவர்கள் கேட்பதைத்தான் எப்போதும் எழுதிக் கொடுக்கிறேன். மகுடேசனுடைய தாத்தாவும் வயல் பூனைதான்."

தவமணி வரிக்குட்டியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வந்த காரியம் முடிந்துவிட்டது. போயிருக்கலாம். சிகாமணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அப்ப இந்தப் பதிவகம் எதுக்கு?"

"உங்கள் முன்னோர், மனிதர்களின் குலக்கணக்கை இனி யாரும் பார்க்கக் கூடாதென்று பூட்டிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். ஆனால் 'நீங்க எந்தப் பக்கம்?' என்று விசாரிக்கும் பழக்கம் கூடவே வந்துவிட்டது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. பூனைகள் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்பதால் அவற்றின் தலையில் இறக்கினார்கள். நூற்று முப்பது வருடமாக ஊர் நிம்மதியாக இருக்கிறது."

சிகாமணி அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பூட்டித்தானே வச்சாங்க? அழிக்கலையே? நாங்க என்னன்னு... சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"அப்படியே மாப்பிள்ளை வீட்டையும் பாத்துச் சொல்லிடுங்க" என்றாள் தவமணி.

இப்படி யாராவது கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் முன்னோர் எழுதி வைத்திருந்தார்கள். மேசை மேல் ஒரு பூனையின் ஒளியுரு எழுந்தது. வெள்ளி பூசிய நீல ரோமம், பச்சைக் கண்கள்.

"ரஷ்யன் புளூ. கூச்ச சுபாவம். எல்லோரிடமும் போகாது, ஆள் பார்த்துத்தான் பழகும். செவ்வாயில் இன்னும் ஒருவர் வீட்டிலும் இல்லை."

"ஒருத்தர் வீட்லயுமா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். குலக்கணக்கு அந்த நிமிடமே மறந்துபோனது. தவமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எத்தன தலைமுறைக்குச் சான்று இருக்கு?"

"எத்தனை வேண்டும்?" என்றது இயந்திரம்.