பதினோராம் மாடியில் ஈரப்பதம்

“உங்கட வீட்டிலை மட்டும் ஏன் சனிக்கிழமை நாலு மணிக்குக் கடல் வருது?”

கதவு திறந்ததும் திறக்காததுமாகச் செரீனா கேட்டுவிட்டாள். வெக்ஸ்போர்ட் வட்டாரம் முழுக்க மழை... அவளுடைய குடை பதினோராம் மாடிக் கம்பளத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

கதவைத் திறந்த நிதுசன் சிரித்தான். அந்தக் கண்கள் இருக்கின்றனவே... ஆள் சிரிக்குமுன்பே அவை சிரித்துவிடும். பொல்லாத கண்கள்.

வாடகை கட்டுப்படியாகிற, வெப்பத்தை வீணாக்காத வீடுகளைப் பற்றி ஆராயப் பயிற்சி பெறுகிறவள் செரீனா. இந்தப் பழைய கட்டடத்தில் இருபது வீடுகளில் சென்சர் பொருத்தியிருந்தாள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து காட்டினால்தான் குளிர் புகுகிற ஜன்னல்களை மாற்றச் சொல்லலாம். ஒரு வீடு குறைந்தாலும் ஆய்வு செல்லாது. பத்தொன்பது வீடுகள் ஒழுங்காக இருக்க, இவன் வீடு மட்டும் சனிக்கிழமை நாலு மணிக்குக் கடற்கரை அளவுக்கு ஈரப்பதம் காட்டி, மூன்று வாரமாக அவளைக் குழப்பியடித்தது. அவளும் ஒவ்வொரு முறையும் நேரம் குறித்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

குழப்பம் எண்களில் மட்டும்தானா...? இங்கே வருகிற நாளில் ஏன் இரண்டு தரம் தலை வாருகிறாள்? அவளுக்கே தெரியாது, பாவம்.

இன்று சனிக்கிழமை நாலு மணிக்கே சொல்லாமல் வந்ததால் அவன் பிடிபட்டான். வரவேற்பறைச் சுவரில் இருக்கவேண்டிய சென்சர், குசினியில் புட்டு அவிகிற பானைக்குப் பக்கத்தில்.

“உதென்ன வேலை?”

“எண் குழம்பினால்தானே நீங்கள் வாறீங்கள்...”

அவளுக்குக் காது சுட்டது. கோபமா, வெட்கமா... கோபம் என்றே வைத்துக்கொண்டாள்.

“என்ரை படிப்போட விளையாடுறீங்களோ? ஆய்வில இருக்கிற ஆக்களோட பழகக்கூடாது எண்டு முதல் வகுப்பிலயே எங்களுக்குச் சொன்னவை.”

அவன் முகம் வாடிவிட்டது. “அது தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

விறுவிறென்று இறங்கிப் போனாள். குடையை மறந்துவிட்டாள். மறந்தாளா, விட்டுவிட்டுப் போனாளா... அதுவும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு படிவம் வந்தது. நிதுசன் ஆய்விலிருந்து விலகுகிறான். இருபது பத்தொன்பதாகிவிட்டதே, பாவி... அதற்குள் தொலைபேசியில் அவன் பக்கத்து வீட்டு ஜெயமலர் அன்ரி. “பிள்ளை, என்ரை வீட்டுச் சுவரிலை அந்த ஈரம் அளக்கிற சாமானைப் பூட்டுங்கோ. நிதுசன் தம்பி மூண்டு நாளாக் கெஞ்சுறார்.”

படிவத்தை மறுபடி பார்த்தாள். ‘விலகும் காரணம்’ என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தான்: ‘ஆய்வு செய்யிற அவவில எனக்கு விருப்பம். அவவின்ரை ஆய்வு கெடக்கூடாது.’

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனாள். குடை இல்லாமல், நனைந்தே போனாள்.

“காரணம் எழுதத் தேவையில்லை எண்டு படிவத்திலயே கிடக்கு. வாசிக்கேல்லையோ?”

“வாசிச்சனான்... எழுதாமல் இருக்க ஏலேல்லை.”

செரீனா சென்சரைக் கழற்றி நிறுத்தினாள். சின்னப் பச்சை விளக்கு அணைந்தது.

“இப்ப நீங்கள் என்ரை ஆய்வில இல்லை. அதாலை சொல்லலாம்... எனக்கும் உங்களில விருப்பம்.”

நிதுசன் குடையை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“கிடக்கட்டும். சனிக்கிழமை எடுக்க வாறன்.”

“சனிக்கிழமையும் மழையாம்...”

“அப்ப திரும்பவும் மறந்திட்டுப் போறன்.”