ஐந்தாவது நாற்காலி

சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி அதிகமாகக் கிடந்தது.

அவள் ஸ்டோர் ரூம் வாசலில் நிலையைப் பிடித்தபடி மறுபடியும் பார்த்தாள். அப்பா, அம்மா, சின்னவன், தான். ஆள் நாலு, நாற்காலி ஐந்து. அந்த ஐந்தாவது மட்டும் மற்றவை போல மேசைக்கு அடியில் தள்ளப்படாமல், யாரோ உட்கார வசதியாகக் கொஞ்சம் வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தது. வேறொரு வீட்டில் இதையெல்லாம் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? ஆனால் அவளுக்குத் தெரிந்து இந்த வீட்டில் எல்லாமே தலைக்கு ஒன்றுதான். தட்டு, டம்ளர், தலையணை, நாற்காலி. மிச்சமாக ஒரு கரண்டி கிடந்தால்கூட அப்பா அதைப் பூட்டி வைத்துவிடுவார். "சும்மா நாற்காலி போட்டு வச்சா உட்கார ஆள் வரும்" என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"அக்கா, அங்க என்ன பேய் மாதிரி நிக்கிற? வந்து உட்காரு. பசி உயிர் போகுது."

சின்னவன் சொன்னான். அவன் தாடி வைத்திருந்தான். அவள் கண்ணெதிரே ஐந்து வயதில் செத்துப்போன தம்பிக்குத் தாடி வளர்ந்திருந்தது, மேல் பல்லில் அதே இடைவெளி, அதே இடது கன்ன மச்சம். நாற்காலி எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் உடம்பு சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிற உடம்பு சூடாகத்தானே இருக்கும் என்று அப்போது நினைத்தாள்.

வீடு முழுக்க வெளிச்சம். கூடத்தில் கிறிஸ்துமஸ் மரம், அதன் ஈரப் பச்சை வாசனை, அடுப்பிலிருந்து வரும் கேக்கின் வெதுவெதுப்பு, வெளியே மழை, முன்கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக வாசல் நட்சத்திர விளக்கின் சிவப்பு உள்ளே கசிந்து தரையில் கிடந்தது. ஆளில்லாத அறைகளில்கூட விளக்கு எரிந்தது. இதுதான் அவளால் நம்ப முடியாதது.

ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த அப்பா எச்சில் கையால் காக்கா விரட்டாத ஆள். அவர் வீட்டில் ஒரே ஒரு குண்டு பல்புதான். அவர் சின்ன வயதில் வாழ்ந்த வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. சமையலறையில் வேலை முடிந்தால் துண்டைச் சுற்றி அதைத் திருகி எடுத்துப் படுக்கையறையில் மாட்டுவார். ஆளில்லாத அறையில் வெளிச்சம் இருக்கக்கூடாது. இருட்டியபின் யார் கதவைத் தட்டினாலும் திறக்கக்கூடாது. யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில். இல்லை. தெருவே அவருக்கு வைத்த பெயர் 'இல்லை ஐயா'.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று சின்னவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. அம்மா பின்வாசல் வழியாக டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அவள் தலை மறைந்ததுமே அப்பா முதல் வேலையாகப் பின்கதவைத் தாழிட்டார். அப்புறம் முன்கதவுக்கு வந்து முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அம்மா வெளியே நின்று கத்தினாள், டாக்டர் வந்திருக்கிறார், திறங்கள் என்று. அப்பா திறக்கவில்லை. "இல்லை, இல்லை" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். விடியும்போது தம்பி இல்லை. டாக்டருக்குக் காசு கொடுக்க மனசு வராமல் பெற்ற பிள்ளையைக் கொன்றவர் என்று ஊர் சொன்னது. அம்மா அன்றைக்கே போனவள்தான், திரும்பி வரவேயில்லை. மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, காய்ச்சல் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் அந்த மனுஷனைச் சபித்தாள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பா படுத்த படுக்கை. துணி எடுப்பதற்காக அவள் அந்தப் பல்பை ஸ்டோர் ரூமில் மாட்டினாள். வெளிச்சம் விழுந்த இடத்தில் ஸ்டோர் ரூம் இல்லை. வேறு வீடு, வேறு காலம். ஒரு பெண் சின்னப் பையன் ஒருவனின் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கி நின்றாள். பையனின் காது அப்பாவின் காது. அப்படியென்றால் அவள் அவரைப் பெற்றவள். வெளியே யாரோ ஒருத்தி கதவைத் தட்டி, "நனையறேன், திறடா கண்ணா" என்று கெஞ்ச, அந்தப் பெண் பையனின் காதில், "இல்லைன்னு சொல்லு, இல்லைன்னு மட்டும் சொல்லு" என்றாள்.

இங்கேதான் இந்தக் கஞ்சத்தனம் இவருக்குள் போயிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. படுக்கையிலிருந்து அப்பா, "இல்லை... வேண்டாம்மா... போகாதே" என்று குழறியது கேட்டது. அவள் வெளிச்சத்துக்குள் காலை வைத்தாள். எப்படி, ஏன் என்றெல்லாம் யோசிக்கவில்லை. நேராகப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். வாசலில் இருட்டு நின்றது. அதன் முகத்தை அவள் பார்க்கவில்லை, ஈரத்துணி நாற்றம் மட்டும் அடித்தது. வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லோரும் சொல்கிற அதே வார்த்தைகளைத்தான் அவளும் சொன்னாள்.

"உள்ள வாங்க. உங்களுக்கு இல்லாததா? எது வேணுமோ எடுத்துக்கங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினால் ஸ்டோர் ரூம், தாடி வைத்த தம்பி, வெளிச்சமான வீடு. ஐந்து நாற்காலி.

"யாராவது வராங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவள் உட்கார்ந்தாள்.

"வழக்கமா வர்றவங்கதான்." அப்பா சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததேயில்லை. குண்டான, கருணையான முகம், கஞ்சத்தனத்தின் ஒரு கோடுகூட இல்லாத முகம். அந்தச் சிரிப்பு வந்த இடத்திலேயே நின்றது. கேக்கை வெட்டும்போதும், தட்டை நகர்த்தும்போதும், இருமும்போதும் அது மாறவில்லை.

எல்லாவற்றையும் அவர் வலது கையாலேயே செய்தார். இடது பக்கம் சட்டைக் கை ஊசி குத்தி மடிக்கப்பட்டிருந்தது.

"அப்பா... கை?"

"கேட்டாங்கம்மா, குடுத்துட்டேன். நமக்குத்தான் இன்னொண்ணு இருக்கே."

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடமிருந்து பார்வையை எடுத்து அவள் சுவரைப் பார்த்தாள். படம் மாட்டிய ஆணிகள் இருந்தன, படம் ஒன்றுகூட இல்லை. கடிகாரம் இருந்த இடத்தில் வட்டமான வெளுப்பு. நாய்ச் சங்கிலி ஒன்று மூலையில் கிடந்தது, நுனியில் கழுத்துப் பட்டை பூட்டியபடியே.

"வருஷத்துக்கு ஒண்ணுதான் கேப்பாங்க. நல்ல மாதிரி. முன்னாடியே சொல்லிட்டுப் போயிடுவாங்க" என்றார் அப்பா.

"இந்த வருஷம் என்ன?"

அப்பா பாசமாகச் சின்னவனைப் பார்த்தார்.

சின்னவன் வெட்கப்பட்டது போலக் குனிந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. நெற்றி மேசையில் போய் முட்டியது. அவள் தொட்டுப் பார்த்தாள். அடுப்பில் கை வைத்தது போல இருந்தது. எப்போதும் தோளில் மாட்டியிருக்கும் கைப்பையிலிருந்து காய்ச்சல் மாத்திரையை எடுத்து அவன் வாயில் திணித்தாள். அது கரையாமல் உதட்டோரம் நழுவி விழுந்தது.

"இல்லைன்னு சொல்லுங்கப்பா! இன்னைக்கு வந்தா இல்லைன்னு சொல்லுங்க!"

அப்பா அவளைப் புரியாமல் பார்த்தார். வேற்று மொழியில் பேசுகிறவளைப் பார்ப்பது போல. அவர் உதடு அந்தச் சொல்லுக்காக ஒருமுறை குவிந்து, பழைய சிரிப்புக்கே திரும்பியது.

அம்மா அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. "அவரால முடியாதுடி. எனக்கும் வாய் வரமாட்டேங்குது. நான் பின்வழியா போய் டாக்டரைக் கூட்டிட்டு வரேன். நீ முன்கதவைப் பார்த்துக்க. உன் தம்பியை விட்டுடாதே."

அம்மா சமையலறைப் பின்கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடினாள்.

அவளுக்குப் பல்பு வேண்டும். அந்தப் பழைய குண்டு பல்பு. மறுபடியும் போய், தான் திறந்ததைத் தானே மூடிவிட்டால் போதும். அப்பா பழையபடி கஞ்சனாக இருந்துவிட்டுப் போகட்டும், தெரு சிரிக்கட்டும். அதற்குமேல் அவளுக்கு நினைக்கத் தைரியம் வரவில்லை. பழையபடி என்றால் இவன் ஐந்து வயதைத் தாண்டமாட்டான். அதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டோர் ரூமைக் குடைந்தாள், அலமாரிகளைக் கவிழ்த்தாள்.

"அந்த பல்பா? அதைத்தானே முதல்ல கேட்டாங்க" என்றார் அப்பா மேசையிலிருந்து.

அவள் ஐந்தாவது நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போய் முன்வாசல் படியில், மழையில் வீசினாள். கதவைச் சாத்தித் தாழிட்டாள். ஆளில்லாத அறையில் வெளிச்சம் இருக்கக்கூடாது. ஒவ்வொரு அறையாக ஓடி விளக்கை அணைத்தாள். சமையலறைச் சுவிட்ச் வெளியே நடையிலேயே இருந்தது. அதைத் தட்டியபோது ஈரத்துணி நாற்றம் ஒன்று முகத்தில் பட்டது. அம்மா நனைந்துகொண்டு போனாளே, அந்த வாடை. ஓடிவந்து முன்கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். சிவப்பு வெளிச்சம் மட்டும் தரையில் மிச்சம். மேசையில் இரண்டு நிழல், அப்பா, தம்பி. தம்பியின் மூச்சு வீடெல்லாம் கேட்டது.

தட்டும் சத்தம்.

"திறடி. டாக்டர் வந்திருக்காரு."

அம்மா குரல்.

கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. அப்போதுதான் அந்தப் பழைய வீடு ஞாபகம் வந்தது. வெளியே கெஞ்சிய குரல். அந்த வீட்டுப் பெண்ணின் அக்கா தங்கையாக இருக்கும் என்று அவள் அவசரத்தில் நினைத்த குரல். அது உள்ளே பையனின் வாயைப் பொத்தி நின்ற அந்தப் பெண்ணின் குரலேதான். இம்மி பிசகாமல் அதே குரல்.

அப்பா அன்றைக்கு ஏன் திறக்கவில்லை என்று அவளுக்கு விளங்கியது. வாழ்நாள் முழுக்க அந்த மனுஷனை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறாள்.

"இல்லை" என்றாள்.

"என்னடி இல்லை? பையன் செத்துடுவான்டி, திற!"

"நான் சின்ன வயசுல எதுக்குப் பயப்படுவேன்? சொல்லு."

"தையல் மிஷினுக்கு. ஐயோ, இப்பவா இதைக் கேப்ப!"

சரியான பதில். ஆனால் வருஷா வருஷம் வந்து இந்த மேசையில் உட்கார்ந்த ஒன்றுக்கு எதுதான் தெரியாது?

"இல்லை."

"அம்மா, நான் டாக்டர். பை நனையுது. கொஞ்சம் திறங்க." ஆண் குரல். களைத்த, நல்ல குரல்.

"இல்லை."

மேசையில் மூச்சு. இடைவெளி. மூச்சு.

"பின்பக்கமும் போய்ப் பார்த்தேன்டி. உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. உன் கால்ல வேணா விழறேன்..."

அவள் பின்கதவைத் தாழிடவே இல்லை. அம்மா போனபடியேதான் கிடக்கிறது. பொய். மாட்டிக்கொண்டது. அம்மாவாக இருந்தால் பின்வழியாகவே வந்திருப்பாளே! அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதுகை இன்னும் அழுத்தினாள். "இல்லை, இல்லை, இல்லை." அது அவள் குரலாக இல்லை. படுக்கையில் கிடந்த அந்தக் கிழவரின் குரல்.

மூச்சு. இடைவெளி.

நீண்ட இடைவெளி.

வெளியே ஒரு உடம்பு கதவோடு சரிந்து படியில் உட்காரும் சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம். அம்மா அழுதால் மூக்கை உறிஞ்சிவிட்டு ஒரு விக்கல் விக்குவாள். விக்கல் வந்தது. டாக்டர் தாழ்ந்த குரலில், "எழுந்திரிங்கம்மா, வாங்க" என்றார். ஒரு குடை விரிந்தது. இரண்டு பேரின் காலடி மழையில் இறங்கிப் போனது.

அவள் தரையைப் பார்த்தாள்.

சிவப்பு வெளிச்சத்தில் ஈரக் கால் தடங்கள். சமையலறைப் பின்கதவிலிருந்து. மேசை வரைக்கும். உள்நோக்கி மட்டும்.

அவள் மழையில் வீசிய நாற்காலி மேசையருகே, பழைய இடத்தில் இருந்தது. அதன் காலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் இருட்டு உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்கு இல்லாததா?" என்றார் அப்பா.

ஒற்றைக் கையால், தூங்குகிறவனை எழுப்பிவிடக்கூடாது என்பது போல, சின்னவனின் நாற்காலியை அதன் பக்கம் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார்.