ஆண் அறியப்படவில்லை

ஒட்டன்சத்திரத்துக் கத்தரிக் காடுகளில் அந்த வருடம் பூத்ததெல்லாம் உதிர்ந்தது. உரத்துக்குக் குறையில்லை, தண்ணீருக்குக் குறையில்லை, பிஞ்சு மட்டும் பிடிக்கவில்லை. வரப்போரம் நின்ற எரிகண் கம்பங்களோ தங்கள் வேலையைப் பிசகாமல் செய்துகொண்டிருந்தன.

சாம்பல் ஈக்காக நட்ட கம்பங்கள் அவை. எங்கிருந்தோ வந்த அந்த ஈ மூன்று போகத்தைத் தின்று தீர்த்தது. பறக்கும் பூச்சியைப் பார்த்து, இனம் பிரித்து, பெயரில்லாததை ஒளிக்கீற்றால் பொசுக்கும் எரிகண்ணைப் போன வருடம் மாநிலம் முழுக்க நிறுத்தினார்கள். எதற்குப் பெயர் உண்டு என்பதை அது பெயர்ப்பேழையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பெயர்ப்பேழை வேறொன்றுமில்லை, பேராசிரியர் ஜெசிந்தா பணிக்காலம் முழுக்க ஊசியில் குத்திக் காத்துவந்த பூச்சிச் சேகரம். அந்துருண்டை நாற்றமடிக்கும் அலமாரி ஒருநாள் சட்டமாகும் என்று யார் கண்டார்கள்?

ஜெசிந்தாவுக்கு அதில் பெருமை இல்லை என்றால் பொய். வேலையற்று ஈ ஓட்டுகிறவர் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்த சக பேராசிரியர்களே போன வருடம் மாலை போட்டார்கள். அப்போது காயும் நன்றாகவே பிடித்திருந்தது.

கத்தரிப்பூவின் மகரந்தம் குழலுக்குள் அடைந்து கிடக்கும். நெற்றிவரி ஈ என்று ஜெசிந்தா பெயர் வைத்த காட்டுத் தேனீ, பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் அது கொட்டும். அந்த ஈ பேழையில் இருந்தது. எரிகண் அதைத் தொடாது. அப்படியும் அதைக் காணோம்.

கம்பத்தடிச் சாம்பலை ஜெசிந்தா தூரிகையால் கூட்டியெடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். முழுதாக வேகாத சில உடல்கள் கிடைத்தன. உணர்கொம்பின் கணுக்களை எண்ணினார். பெண் தேனீக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதின்மூன்று. இவை பதின்மூன்று. அகலமான மஞ்சள் முகம், பெண்ணோடு ஒட்டாத சாயல். சிறகின் நரம்போட்டம் மட்டும் அப்படியே நெற்றிவரி ஈயினுடையது.

அவருடைய ஆராய்ச்சி கத்தரி விளைச்சலுக்காக. அதனால் வலையைக் கத்தரிப்பூவின் மேல் மட்டுமே வீசியிருந்தார். அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். மகரந்தம் சுமப்பது தாயின் பாடு. தேன் குடித்துத் திரியும் ஆண் அங்கே ஏன் வரப்போகிறது? சேகரத்தில் ஊசியேறிய நெற்றிவரி ஈ அத்தனையும் பெண். இனத்தை விவரித்த கட்டுரையில், அந்தத் துறையில் எல்லாரும் கூசாமல் எழுதும் வாக்கியத்தை அவரும் எழுதினார்: ஆண் அறியப்படவில்லை. பூச்சி அறிஞர்களுக்கு அது சாதாரண விஷயம். எரிகண்ணுக்கு அது தீர்ப்பு.

எரிகண் அதிகாரி நாச்சியப்பன் அவருடைய பழைய மாணவன்.

"கொஞ்ச நாள் அணைச்சு வை நாச்சியப்பா. ஆண் ஈ எல்லாத்தையும் உன் கம்பம் பொசுக்கிட்டிருக்கு."

"அணைச்சா சாம்பல் ஈ உள்ள வந்துரும் மேடம். அப்புறம் சோத்துக்கு எங்க போறது?" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "படம் காட்டுனாலும் பேழை ஏத்துக்காது. கள்ளப் படம் வரும், ஊசியில குத்துன உடம்புதான் சாட்சின்னு பேழைக்கு விதி எழுதுன குழுவுல நீங்கதானே சொன்னீங்க. ஒரு ஆணைக் கொண்டாங்க, அன்னைக்கே ஏத்திடுறேன்."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர்கள் பட்டியலில் தன் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று ஜெசிந்தாவுக்கு விளங்கியது. வலையோடு கிளம்பினார்.

பறக்காத பூச்சியை எரிகண் பார்க்காது. இந்த வகைத் தேனீக்களில் ஆண் அந்தியில் கோரைத் தண்டைத் தாடையால் கவ்வியபடி தூங்கும். அப்படி ஒன்று, அன்றுதான் கூட்டைவிட்டு வந்த இளசு, வாய்க்கால் ஓரத்தில் அகப்பட்டது. கொல்குப்பிக்குள் போடும்போது, "மன்னிச்சுக்கடா" என்றார். எத்தனையோ ஆயிரம் பூச்சிகளைக் கொன்றவர், ஒன்றிடமும் அதுவரை பேசியதில்லை. மறுநாள் ஊசி ஏறியது, பேழை ஒப்புக்கொண்டது, கம்பங்கள் வழிவிட்டன.

அடுத்த வாரம் காடெங்கும் ரீங்காரம். சனம் திரண்டுவிட்டது.

"ஈ வந்துருச்சுங்கம்மா," என்றார் காட்டுக்காரி பாப்பாத்தி. அழுதுவிடுவார் போலிருந்தது. "பிஞ்சு எப்பங்க பிடிக்கும்?"

ஜெசிந்தா வலையோடு வரப்பில் இறங்கினார். ஈக்கள் வரப்புத் தும்பையில் மொய்த்தன, கத்தரிப்பூவை ஏறிட்டும் பார்க்கவில்லை. வலையில் பிடித்து, லென்ஸில் வைத்து, விட்டார். மறுபடி பிடித்தார். பதின்மூன்று. இன்னொன்றும் பதின்மூன்று. சாம்பலைப் பார்த்த அன்றே அவருக்கு இது தெரியும். எங்காவது நாலு பெண் தப்பியிருக்கும் என்ற நப்பாசையில் தனக்கே அதைச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தார்.

"என்னாச்சு மேடம்?" என்று நாச்சியப்பன் அருகில் வந்தான்.

"ஆணோட சேராத தேனீயும் முட்டை போடும். மொத வருஷப் பாடம். அதுல என்ன பொறக்கும்?"

அவன் முகம் செத்துவிட்டது. "ஆண் மட்டும்."

"போன வருஷம் பொறந்த பொண்ணுங்களுக்குச் சேர ஆண் இல்ல, எரிச்சுட்டோம். அதுங்க முட்டை போட்டுட்டுச் செத்துருச்சு, அதுங்க பிள்ளைங்கதான் இதெல்லாம்."

"அப்ப பொண்ணுங்க? எங்கயுமே இல்லையா?"

"இருக்கு," என்றார் ஜெசிந்தா. "என் அலமாரியில. வரிசை வரிசையா."