சோளத்தைத் தொடாத கை

"போலீஸுக்கெல்லாம் போக முடியாது அங்கிள். நாலு ஜாடி தானியம் காணும்னு சொன்னா சிரிப்பா" என்றாள் மானஸா.

கிட்டுசாமி சிரிக்கவில்லை. அமெரிக்காவில் ஆலன் என்ற ஊரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், வருகிற க்ளெய்ம் நிஜமா பொய்யா என்று தோண்டிப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். மானஸா குடும்பத்துக்கு நெடுநாள் நண்பர், எதற்கும் அவசரப்படாத மனிதர். அவசரத்தையெல்லாம் அவர் மனைவி சாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஃபிரிஸ்கோவில் மானஸா வீடு வரை காரை ஓட்டி வந்ததும் அவள்தான், வாசலிலேயே "யார் மேலம்மிணி சந்தேகம்?" என்று ஆரம்பித்ததும் அவள்தான்.

மானஸா கல்லூரியில் மொழியியல் பாடம் எடுப்பவள். மறுநாள் காலை ஊர் நூலகத்தில் ஒரு சிறு கண்காட்சி வைப்பதாக இருந்தாள். ஐந்து கண்ணாடி ஜாடி, ஐந்து தானியம், ஐந்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். நார்வேயிலும் டென்மார்க்கிலும் 'கோர்ன்' என்றால் பொதுவாகத் தானியம். ஸ்வீடனில் அதே சொல் பார்லி. ஜெர்மனியில் பல பக்கம் ரை என்ற, கோதுமை மாதிரியான தானியம். ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், இங்கிலாந்தில் கோதுமை என்று போய், அமெரிக்காவுக்கு வந்ததும் அது மக்காச்சோளம் ஆகிவிட்டது.

"பார்லி மட்டும் பக்கத்து வீட்டு சிக்ரிட் குடுத்தது" என்றாள் மானஸா. "அவ தாத்தா ஸ்வீடன்லேருந்து கொண்டுவந்த விதையோட வழி. அவ அப்பா மினசோட்டால கடைசியா அறுத்தது. அவர் இப்ப இல்லை. அவ கிட்டயும் வேற மிச்சமில்லை. நாளைக்கு வந்து எங்கேன்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுண்டு நிப்பேன்?"

"எப்பக் காணாமப் போச்சுங்க?" என்று கேட்டார் கிட்டுசாமி.

"நாத்தனார் கல்யாணக் களேபரத்துல தெரியலை. எல்லாம் முடிஞ்சு டைனிங் டேபிளைப் பாத்தா, நாலு ஜாடி அலம்பிக் கவிழ்த்து வெச்சிருக்கு. சோளம் மட்டும் அப்படியே இருக்கு. அந்த நாள்கள்ல வெளியாள்னு வந்தது ரோஸா ஒருத்திதான். க்ளீன் பண்ண வருவா, சாவி குடுத்து வெச்சிருந்தேன். நான் கத்தினப்போ நான் எடுக்கலைன்னு அழுதா. இனிமே வராதேன்னு அனுப்பிட்டேன்."

"அவதான்! சாவி வெச்சிருக்கவளுக்கு என்ன கஷ்டம்?" என்றாள் சாந்தி.

"திருடுறவ ஜாடியக் கழுவிக் கவுத்து வெச்சுட்டா போவா?" என்றார் கிட்டுசாமி. "அதுலயும் சோளத்தை விட்டுட்டு?"

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். அங்கே ஐந்து மண் கிண்ணங்களில் பச்சைப் பசேலென்று முளை விட்டிருந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பாலிகை அங்கிள். நாத்தனார் அனன்யா கல்யாணத்துக்குத் தெளிச்சது. தானியத்தைப் பால்ல ஊறவெச்சு அஞ்சு சுமங்கலிகள் தெளிப்போம். நன்னா முளைச்சா குடும்பம் தழைக்கும்னு ஐதீகம். இன்னிக்கு சாயங்காலம் குளத்துல கரைக்கணும்."

"என்னென்ன தானியமுங்க?"

அடுப்படியிலிருந்து மானஸாவின் மாமியார் அபயாம்பாள் பதில் சொன்னாள். "நெல்லு, பயறு, உளுந்து, எள்ளு, கடுகு. எல்லாம் மாயவரத்துலேருந்து நானே கொண்டுவந்தேன்."

"அட, உங்கள உட்டுட்டாங்களா?" என்றாள் சாந்தி. "எங்கம்மா கொண்டாந்த அவரை வெதையெல்லாம் ஏர்போர்ட்டுலயே புடுங்கிக் குப்பைல போட்டுட்டாங்களே!"

அபயாம்பாள் திரும்பவில்லை. கரண்டி மட்டும் கொஞ்சம் நின்று, மறுபடி கிண்டியது.

கிட்டுசாமி அதைப் பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க. நீங்களும் வாங்கம்மா" என்றார். அபயாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கப்பா பொள்ளாச்சிப் பக்கம் வெவசாயி. பயறு மொளைச்சா ரெட்டை எலை விடும். உளுந்தும் அப்படித்தான், கடுகும் அப்படித்தான். இந்தக் கிண்ணத்துல பாருங்க. அத்தனையும் ஒத்தை எலை, புல்லாட்டம். ஒரு ரெட்டை எலை கூட இல்லீங்க."

மானஸா பார்த்தாள். தினமும் தண்ணீர் தெளித்த கிண்ணங்கள்தான்.

"அப்புறம் சோளம். எந்த ஊர்ல எது சோறோ அதுக்கே தானியம்னு பேருன்னு கண்காட்சி அட்டைல நீங்கதானுங்களே எழுதி வெச்சிருக்கீங்க. மாயவரத்துல மக்காச்சோளம் சோறில்லீங்க. எலி வந்திருந்தா மொதல்ல சோளத்தைத்தான் தின்னிருக்கும். திருடன்னா ஜாடியோட போயிருப்பான். பாலிகைல மக்காச்சோளம் சேராதுன்னு தெரிஞ்ச கை எதுவோ, அதுதான் மத்த நாலையும் எடுத்துட்டு, அடுத்த வீட்டுப் பாத்திரமாட்டம் அலம்பியும் வெச்சிருக்குது."

அபயாம்பாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பொட்டலத்தை ஏர்போர்ட்லயே தூக்கிப் போட்டுட்டான்" என்றாள் கடைசியில். "எல்லாம் நான் பாத்துக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிண்டேன். நாழியாயிடுத்து, இத்தனை பேருக்கு முன்னாடி இல்லைன்னு சொல்ல வெக்கமா இருந்தது. உமியோட பாக்க நெல்லாட்டமா இருந்தது. தானியம்தானே, அப்புறம் வாங்கி ரொப்பிடலாம்னு நினைச்சேன்."

"ரோஸா அழுதப்போ பக்கத்துலதானேம்மா நின்னேள்?" என்றாள் மானஸா.

"நீ கத்தின கத்துல எனக்கு நாக்கே எழும்பலை. புள்ளை ஆத்துல வந்து உக்காந்துண்டு திருடின்னு பேர் வாங்கணுமான்னு பயந்துட்டேன். அவ தலைல விழுந்தப்புறமும் வாயத் திறக்கலை. தப்புதான்."

மானஸாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாலிகை தெளிப்பதைப் போட்டோ எடுத்தபோது தான் சிரித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. கை நிறைய ஊறிய பார்லி. உள்ளங்கையில் வழுவழுவென்று உருண்டது. அத்தனை மொழியில் பெயர் தெரிந்தவளுக்கு, கையில் இருந்தபோது அது என்னவென்று தெரியவில்லை. பிறகு குற்றவாளியைத் தேடியபோது, சமையலறையிலேயே எளியவளாகப் பார்த்துக் கை காட்டத் தெரிந்தது. வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"இதைக் குளத்துல கரைக்காதீங்க" என்றார் கிட்டுசாமி. "தோட்டத்து மண்ணுல எடுத்து நடுங்க. பனி தாங்குச்சுன்னா கதிர் புடிக்கும், எது பார்லின்னு அப்பத் தெரிஞ்சுடும். அந்தப் பக்கத்து வீட்டம்மாகிட்ட உள்ளதச் சொல்லுங்க."

"கரைக்காம விட்டா சாஸ்திரத்துக்கு..." என்று தொடங்கிய அபயாம்பாள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நட்டுடலாம். தழைக்கத்தானே தெளிச்சோம்."

சாந்தி மெதுவாக, "நானும் அந்தப் பொண்ணைத்தான் சொன்னேனுங்க" என்றாள். அவளுக்கும் தலை நிமிரவில்லை.

மானஸா கார் சாவியை எடுத்தாள். வாசலில் பார்த்தால் அபயாம்பாள் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். "நானும் வரேன். நான்தான் சொல்லணும்."

ரோஸாவின் அபார்ட்மென்ட் ஃப்ரீவேயைத் தாண்டி இருந்தது. சொல்ல வேண்டியதை மானஸா வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். கதவு திறந்தது. ரோஸா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது.

"விதை கிடைச்சுதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "உன் ஃப்ரெண்டோட அப்பா விதைன்னு சொன்னியே, நான் தினம் வேண்டிண்டு இருக்கேன்."

மானஸா ஆமென்று தலையசைத்தாள். அபயாம்பாள் முன்னால் வந்து, தன் பாஷை தெரியாத அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.