கறுப்பில் ஐந்து நொடி

பாலோ ஊரைத் தாண்டி, செம்பனை மர வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் காரை உருட்டிக்கொண்டு வாசுகி அந்தப் பழைய துரை பங்களாவுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு காலத்தில் தோட்டத்து மானேஜர் குடியிருந்த மாடி வைத்த மரவீடு அது. இப்போது பேய்த் தொடர் எடுக்கிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வாசுகி அப்படியொரு தொடருக்குப் புதிதாகச் சேர்ந்த ஒலிப்பதிவாளர். அன்று அவள் வந்த வேலையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அறையின் மௌனத்தைப் பதிவு செய்ய வந்திருந்தாள்.

எல்லாம் ஆறாம் பாகத்தால் வந்த வினை. அதில் பங்களாவில் வேலை செய்யும் பெண்ணை மாடி அறையில் துரை நாசம் செய்கிறான். பாகத்தின் தொடக்கத்தில் ஐந்து நொடிக்கு ஓர் எச்சரிக்கை அட்டை போட வேண்டுமென்று வாசுகி மன்றாடி வாங்கியிருந்தாள். 'இந்தப் பாகத்தில் பாலியல் வன்முறைக் காட்சி உண்டு' என்று ஒரே ஒரு வரிதான். புதன்கிழமை டைரக்டர் ரூபேந்திரன் அந்த எழுத்தை அழித்துவிட்டார். கதையை முன்னாலேயே சொல்லிவிட்டால் யார் பார்ப்பார்கள், பயப்படத்தானே வருகிறார்கள் என்று சிரித்தார். வாசுகி அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எழுத்து போனாலும் ஐந்து நொடி போகவில்லை. அதை வெட்டினால் பின்னால் வரும் சத்தமெல்லாம் இடம் தவறிவிடும். ஆகவே வெறும் கறுப்பாக விட்டுவிட்டார்கள். கறுப்பிலும் ஒன்றுமே கேட்காவிட்டால் கோளாறு என்று ஒளிபரப்புகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆளில்லாத அறைக்கும் தனக்கென்று ஓர் அரவம் உண்டு. அதைப் பதிந்து அந்த இடத்தில் விரிக்க வேண்டும்.

ரூபேந்திரன் தானும் கூட வருவதாகச் சொல்லியிருந்தார். கடைசியில் வேறு வேலை வந்ததால் வரவில்லை. வாசுகிக்கு அதில் ஏனோ ஒரு நிம்மதி. மேக்கப் போடும் பெண்கள் அவரைப் பற்றி என்னவோ குசுகுசுப்பார்கள். இவள் பக்கத்தில் போனால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவளை அரித்தது வேறொன்று. அக்கா தேன்மொழி. எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூர் தொழிற்சாலையில் இரவு வேலை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடர் வந்ததும், பஸ்ஸுக்குக் கிளம்புமுன் தேத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்து பார்ப்பாள், தங்கை பெயர் வருகிறதே என்ற பெருமையில். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு சொந்தக்காரர் வீட்டில் அக்காவுக்கு நடந்தது வாசுகிக்கு மட்டும்தான் தெரியும். அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் இருவரும் அதைப் பேசவேயில்லை. 'இந்த வாரம் பார்க்காதே' என்று சொல்ல வாசுகி மூன்று முறை போனை எடுத்தாள். 'ஏன்?' என்று அக்கா கேட்பாளே என்ற பயத்தில் மூன்று முறையும் வைத்துவிட்டாள்.

சாவியோடு வந்தவர் வெள்ளையம்மா. பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர், அறுபது வயது. மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்றுவிட்டார். மேலே வரமாட்டாராம். நீங்கள் எடுத்தது இங்கே நிஜமாகவே இருந்த அங்கம்மாவின் கதை, உங்கள் டைரக்டர் எங்களிடம் கேட்டுத்தான் எழுதினார் என்றார்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"துரையப் பத்தி லயத்துல எல்லாருக்கும் தெரியும்மா. அவ புதுசு, அவளுக்கு மட்டும் தெரியாது. வாளியத் தூக்கிக்கிட்டு இந்தப் படியில ஏறுனா. எனக்குப் பதினஞ்சு வயசு, கீழ நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். போகாதக்கான்னு ஒரு வார்த்தை சொல்லல. மூணாம் நாளு கிணத்துல கெடந்தா."

வாசுகி சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

அறையில் ஒரு கட்டிலும் சாத்திய ஜன்னலும் மட்டும் இருந்தன. ஈர மரத்தின் வாடை. அதற்கு அடியில் லேசாக ஃபினாயில் வாடை. இங்கே யார் தரை துடைக்கிறார்கள்? கதவைச் சாத்தி, மைக்கை நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும்.

முதலில் தூரத்து இடி. பிறகு மரம் முறுகும் சத்தம்.

பிறகு, மிகப் பக்கத்தில், இரும்பு வாளியைத் தரையில் இறக்கி வைக்கும் சத்தம்.

வாசுகி கண்ணைத் திறந்தாள். யாருமில்லை.

ஹெட்போனில் யாரோ மூச்சு விட்டார்கள். பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டவரின் மூச்சு.

சாமான்களை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடியவள் அங்கேயே நின்றாள். காய்ந்த பலகையில், கதவுக்கு நேரே, வட்டமாக ஓர் ஈரத்தடம்.

வீட்டுக்கு வந்து பதிவைப் பத்து தடவை போட்டுக் கேட்டாள். சுத்தமான மௌனம். வாளியும் இல்லை, மூச்சும் இல்லை. அதையே கறுப்பில் விரித்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி. மாசாயில் வாசுகி தன் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இப்போதுகூடச் சொல்லலாம். கை எழவில்லை. ஆறு ஐந்துக்கு அக்காவே கூப்பிட்டாள்.

"வாசு, ஆரம்பத்துல இருட்டுல பேசுறது யாரு?"

"யாரும் பேசலக்கா. அது வெறும் இருட்டு."

"என் பேரச் சொன்னாங்க. தேனு, உள்ள போகாத, இது உனக்கு வேணாம்மான்னாங்க. டிவிய அணைச்சுட்டேன்." அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீதான் சொல்லச் சொன்னியா?"

வாசுகி அழுதுவிட்டாள். நான்தான் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை என்று விக்கி விக்கிச் சொன்னாள். அக்காவும் அழுதாள். பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடந்ததை இருவரும் அன்றுதான் தொட்டார்கள். ரொம்பவும் பேசவில்லை. ஆனாலும் வாசுகியின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"பரவால லா, அழாத," என்றாள் அக்கா. "ஆனா அவங்க இன்னொன்னும் சொன்னாங்க. எனக்குப் புரியல."

"என்ன?"

"உன் தங்கச்சிகிட்ட சொல்லு, திங்கக்கிழம மாடிக்குப் போக வேணாம். அங்க எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் யாரும் சொல்லலன்னாங்க. திங்கக்கிழம எங்க போற வாசு?"

"எங்கயும் இல்லயேக்கா."

காதில் இருந்த போன் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ரூபேந்திரன் அனுப்பியிருந்தார்.

'திங்கள் பங்களாவுக்கு வந்துடு. மாடி ரூம்ல சின்ன வேலை. யாரும் வேணாம், நீ மட்டும் போதும்.'

சமையலறையில் மெல்ல ஃபினாயில் வாடை ஏறியது.

வாசுகியின் வீட்டில் இரும்பு வாளி கிடையாது. எப்போதும் இருந்ததில்லை.

அவளுக்கும் வாசற்கதவுக்கும் நடுவே, யாரோ ஒன்றை இறக்கி வைத்தார்கள்.